எழுதிக்கொள்ளாத வாக்குமூலம்

ரிசார்ட்டின் பின்புறமுள்ள மலைமுனையிலிருந்து கணவர் சபேசன் விழுந்து இறந்த மறுநாள் காலை, மரகதவல்லி மூன்றாவது தடவையாகச் சொன்னாள். "நான்தாங்க அவரத் தள்ளினேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அதிர்ச்சியில இப்படித்தாம்மா தோணும். காபி குடிங்க."

"அம்மாவுக்கு மனசு சரியில்ல சார்" என்ற மகன், அப்பா கால் இடறி விழுந்ததாக ஏற்கெனவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

முப்பத்தாறு வருடம் சபேசனும் இப்படித்தான். அவள் வாயைத் திறந்தாலே சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க, எப்படித் தள்ளினேன்னு காட்டுறேன்."

அவள் மனம் ஆறட்டும் என்று இன்ஸ்பெக்டர் கூடவே நடந்தார். "எங்க நின்னாரு, இங்கயா?" என்று கேட்டு, கம்பி வேலி முடிந்த இடத்தில் பள்ளத்தைப் பார்த்து நின்றார்.

"இன்னும் கொஞ்சம் முன்னால" என்றாள் மரகதவல்லி.