முந்நூறு அடி உயரத்தில்

"விமானத்தைத் திருப்பினது யாரு சார்? அதை மட்டும் சொல்லுங்க."

மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி கேட்டாள் மாணவியின் அம்மா. பக்கத்தில் அப்பா. மகள் விபத்தில் இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

விமானப் பயிற்சியாளருக்கு இடது காலில் மாவுக்கட்டு. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான்."

"என்ன நடந்துச்சு?"

"மேலே ஏறிட்டிருந்தோம். முந்நூறு அடிகூடத் தாண்டலை. என்ஜின் ரெண்டு தடவை இருமிச்சு. அப்புறம் இழுவையே இல்லை."

"அந்த மாதிரி நேரத்துல என்ன பண்ணணும்?"

"நேரா முன்னால கிடைக்கிற இடத்துல இறக்கிடணும். ஓடுபாதைக்குத் திரும்பவே கூடாது. அந்த உயரத்துல திரும்பினா வேகம் செத்துடும். கல்லு மாதிரி விழும்."

"முன்னால இடம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. உழுது போட்ட நிலம்."

"இவ்வளவும் தெரிஞ்சா திருப்பினீங்க?" அம்மா கட்டிலின் பக்கவாட்டுக்கு வந்தாள்.

"பயந்துட்டேன்மா."

"என் பொண்ணு சமையக்கட்டுல வந்து நின்னு தினமும் ஒப்பிப்பா. புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் கேள்வி கேப்பேன். 'என்ஜின் நின்னா என்ன பண்ணுவே'ன்னா, 'நேரா போவேம்மா'ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. அவளுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா?"

அவள் இரண்டு கைகளாலும் பயிற்சியாளர் மார்பில் அடித்தாள். அவர் தடுக்கவும் இல்லை. நர்ஸ் ஓடிவந்து அவளை வெளியே அழைத்துப் போனாள். "நாசமாப் போவீங்க" என்று நடைக்கூடத்திலிருந்து கேட்டது.

அப்பா மட்டும் போகாமல் நின்றார்.

"உங்க வேலை?"

"இனிமே பறக்க விடமாட்டாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது."

"குழந்தைங்க?"

"ரெண்டு பேர். படிக்கிறாங்க."

அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடி நொறுங்கிய போன் ஒன்றை எடுத்தார்.

"அவளோட போன். விமானம் ஓட்டுறதை அம்மாவுக்குக் காட்டணும்னு வீடியோவை ஓடவிட்டிருக்கா. 'திருப்பாதே, நேரா போ, கையை எடும்மா'ன்னு நீங்க கத்துறது கடைசிவரைக்கும் கேக்குது" என்றவர் கைகூப்பினார். "இதை அவ அம்மாகிட்ட காட்டலை சார், உங்க மேல இருக்கிற கோபத்துலதான் அவ இன்னும் உயிரோட இருக்கா."