மேலே கிடந்த இரண்டு ரூபாய்

அடுத்தவர் கல்லாவை முறைத்துப் பார்க்கிற பழக்கம் ஜீவானந்தத்துக்கு இல்லை. ஆனால் டீயும் போட்டு விற்கிற மளிகைக்கடை பாவாயியின் சில்லறைத் தட்டில், எல்லாக் காசுக்கும் மேலே, ஒரு இரண்டு ரூபாய் கிடந்தது. அதில் வருஷமும் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

பழைய காசு சேர்க்கிறவன் அவன். சேலத்திலிருந்து காசு வேட்டைக்காகவே ஏற்காடு மலைக் கிராமமான மஞ்சக்குட்டை வரை வந்திருந்தான். மறுநாள் ஏற்காட்டில் நாணயக் கண்காட்சி. போன கண்காட்சியில் அவன் பெருமையாக வைத்த காசை நடுவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வெறும் மிஷின் உதறல். பொட்டிக்கடையில குடுத்து வெத்தல வாங்கிக்கங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காசு சேர்ப்போர் சங்கத்தில் அவனுக்கு மிஷின் ஜீவா என்று பெயர். நாளைக்கு அசலாக ஒன்றைக் கொண்டுபோய் வைக்காவிட்டால் அந்தப் பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

விஷயம் இதுதான். காசு அடிக்கிற அச்சிலேயே எழுத்து இரட்டையாக விழுந்திருந்தால், காசில் எழுத்து தடித்து, உருண்டு, முனை பிளந்து நிற்கும். அது அசல், ஆயிரக்கணக்கில் போகும். அடிக்கும்போது மிஷின் உதறியிருந்தால் எழுத்து மெலிந்து, பக்கத்தில் தட்டையாக ஒரு படி மட்டும் தெரியும். அதை யாரும் சீந்த மாட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் லென்ஸ் வைத்தால்தான் பிடிபடும். ஆனால் காசை வைத்திருக்கிறவர் எதிரில் லென்ஸை எடுப்பது இந்த வட்டாரத்தில் மகா தப்பு. லென்ஸ் வெளியே வந்த அடுத்த நிமிஷம் காசு விலை ஏறிவிடும்.

அதனால் ஜீவானந்தம் லென்ஸைச் சட்டைப்பைக்குள் அமுக்கிக்கொண்டு, அந்தக் காசை மீதிச் சில்லறையாகவே வாங்கிவிடத் திட்டம் போட்டான். திருட்டுத்தனம்தான், இல்லையென்று யார் சொன்னது. மிஷின் ஜீவா என்று சாகும்வரை கூப்பிட்டால் அவனுக்கல்லவா தெரியும் அந்த வலி.

பன்னிரண்டு ரூபாய் டீக்கு இருபதை நீட்டினான். பாவாயி ஒரு ஐந்து ரூபாயையும் மூன்று மிட்டாயையும் கொடுத்தாள்.

சரி, மிளகு கேட்டான். தொண்ணூற்றெட்டு ரூபாய். நூறைக் கொடுத்தான். அவள் விரல் அந்தக் காசைத் தொட்டது. தொட்டுவிட்டு, அதற்கு அடியில் கிடந்த வேறொன்றை உருவிக் கொடுத்தது.

அடுத்து காபித்தூள், நூற்று நாற்பத்தெட்டு. நூற்றைம்பதை வாங்கிக்கொண்டவள், "மீதி ரெண்டு ரூவா பைக்குச் சரியாப் போச்சுங்க" என்று கடைப்பெயர் அச்சடித்த மஞ்சப்பையில் எல்லாவற்றையும் போட்டு நீட்டினாள்.

இனிமேல் பொறுக்க முடியாது.

"அக்கா, மேல ஒரு ரெண்டு ரூவா கெடக்குதே, அதக் குடுங்க. சேர்வராயன் கோயில் உண்டியல்ல போடோணும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அதுங்களா? அதுல எழுத்து என்னமோ ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. செல்லுமோ செல்லாதோ. வெளியூர்க்காரங்க தலையில கட்டுனா பாவமில்லீங்களா?"

"செல்லாட்டிப் போகுதுங்க. நான் எப்படியாச்சும் மாத்திக்கறேன்."

"மனசு கேக்கலீங்க." பாவாயி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தாள். "மலைத்தேன் நொம்ப நல்லா வந்திருக்குதுங்க. பாட்டில் எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு. அவ்வளவு வாங்கறவங்க ஒரு காசு கேட்டா, எப்படிங்க இல்லீங்கறது?"

ஜீவானந்தத்தின் வீட்டில் தேன் தொடுகிற ஆளே கிடையாது. எண்ணூறை எடுத்து வைத்தான். காசு உள்ளங்கையில் விழுந்தது. இவ்வளவு வெள்ளந்தியான பொம்பளையை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தத்தான் செய்தது. நாளைக்குப் பெயர் கிடைத்தால் ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடையைக் கட்டினான்.

கொஞ்சம் தள்ளி, ஏற்காடு போகிற ஜீப் ஆள் நிறையட்டும் என்று வெகுநேரமாக நின்றிருந்தது. ஒரு இடம்தான் பாக்கி. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஏறி அமர்ந்தான். ஜீப் வளைவில் திரும்பிக் கடை கண்ணுக்கு மறைந்ததும் லென்ஸை எடுத்தான்.

எழுத்து மெலிந்திருந்தது. பக்கத்தில் தட்டையாக ஒரு படி. சந்தேகமே வேண்டாம், மிஷின் உதறல்.

தலையில் அடித்துக்கொண்டான். 'நம்ம அவசரத்துக்கு அந்தப் பொம்பள என்ன பண்ணும், பாவம். அதுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது' என்று தன்னையே திட்டியபடி நிமிர்ந்தான்.

எதிர் சீட்டில், மடியில் ஆளுக்கொரு 'பாவாயி ஸ்டோர்' மஞ்சப்பையும் தேன் பாட்டிலுமாக மூன்று பேர், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு இரண்டு ரூபாயை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.