இருபத்தாறு கிலோ

“இது இருபத்தாறு கிலோவா, மகேஸ்?”

உலகப்பன் கேட்ட தொனியிலேயே பட்டறை அடங்கிப்போனது. கூலாய் நகரில் இருக்கும் அந்தக் கார் பட்டறைக்கு அவர்தான் முதலாளி. அவர் காலடியில், பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய சிலிண்டர் ஹெட் கிடந்தது. அதன் மேல் சாக்பீஸால் ‘26’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் தலைமை மெக்கானிக் மகேஸ்வரன்.

“ஆமா பாஸ்.”

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. எஞ்சினிலிருந்து இறக்கும் பெரிய சாமான் எதுவானாலும் அதன் மேல் மகேஸ்வரன் எடையை எழுத வேண்டும். இருபது கிலோவுக்குக் கீழே என்றால் கையால் தூக்கலாம். அதற்கு மேல் போனால், உத்தரத்தில் தொங்கும் செயின் பிளாக்கில் மாட்டித்தான் தூக்க வேண்டும்.

சட்டம் போட்டவரே உலகப்பன்தான். போன வருஷம் கமலநாதன் என்ற மெக்கானிக் கியர்பாக்ஸைத் தனியாகத் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட மறுநாள் போட்டார். போட்ட கையோடு கமலநாதனை வேலையை விட்டும் அனுப்பிவிட்டார். அது வேறு கதை.

“மூணு மாசமா நானும் பாக்குறேன். இந்த பட்டறையில இருபதுக்குக் கீழ ஒரு சாமான் இல்ல. ஃப்ளைவீல் கூட இருபத்தொண்ணு! எல்லாத்தையும் அந்த ஒரே செயின்ல மாட்டி ஆடி அசைஞ்சு தூக்குறீங்க. கஸ்டமர் எல்லாம் எதிர்க்கடைக்குப் போறான் லா!”

“இரும்பு பாஸ். கனமாத்தான் இருக்கும்.”

மகேஸ்வரனோடு ஜோடி சேர்ந்து வேலை செய்யும் லக்ஷ்மன், பக்கத்தில் உட்கார்ந்து வால்வுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தலையே நிமிரவில்லை.

உலகப்பன் விடுவிடென்று வெளியே போனார். பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் வாங்கி விற்கும் காசிவிஸ்வநாதனிடம், பழக்குலை நிறுக்கும் தராசை இரவல் கேட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். சிலிண்டர் ஹெட்டைத் தாமே தூக்கி அதில் வைத்தார்.

முள் பதினாறில் நின்றது.

“அலமாக்! பத்து கிலோ பொய்! நோகாம நுங்கு தின்னப் பாக்குறியா, மகேஸ்?”

மகேஸ்வரன் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பதினெட்டு வருஷமா உன் கையெழுத்த நம்புனேன். இனிமே சாக்பீஸ் லக்ஷ்மன்கிட்ட இருக்கட்டும். நீ அவனுக்குக் கீழ வேலை செய்.”

கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருந்த புஷ்பவள்ளிக்கு மனசு கேட்கவில்லை. மகேஸ்வரன் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து முதலாளியின் கையில் வைத்தார்.

“சரி பாஸ்.”

“லக்ஷ்மன்! பதினாறுதானே? தூக்கி பெஞ்சுல வை.”

லக்ஷ்மன் எழுந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையைத் தொடையில் ஊன்றி மெல்லக் குனிந்தான். பாதியிலேயே நின்றுவிட்டான்.

“நகருப்பா,” என்றார் மகேஸ்வரன்.

முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். முதுகு வளையாமல், ஹெட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி பெஞ்சில் வைத்தார். அப்புறம் ‘21’ என்று எழுதியிருந்த ஃப்ளைவீல். அப்புறம் ‘24’ என்று எழுதியிருந்த கிராங்க் ஷாஃப்ட். மனிதருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

உலகப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“உன்னால முடியுதே. அப்புறம் எதுக்கு இந்தப் பொய்?”

மகேஸ்வரன் தயங்கினார். பிறகு அதைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“லக்ஷ்மனுக்கு இடுப்புல டிஸ்க் விலகிருச்சு பாஸ். ஆறு மாசம் கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு மாசம் ஓடிருச்சு.”

“அத என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“கமலநாதன அனுப்புனப்போ, ‘இடுப்பு போனவனுக்கு இங்க என்ன வேலை’ன்னு கேட்டீங்க. லக்ஷ்மனும் பக்கத்துலதான் நின்னான். மூணு பொண்ணுங்க பாஸ் அவனுக்கு.”

“அவனுக்காக நீ தூக்கியிருக்கலாமே?”

“நான் தூக்குனா, இவன் ஏன் தூக்கலைன்னு எல்லாரும் கேப்பாங்க. செயின் தூக்குனா யாரும் கேக்க மாட்டாங்க.”

உலகப்பன் திரும்பிப் பார்த்தார். லக்ஷ்மன் நின்ற இடத்திலேயே நின்றான். ஒரு கை இடுப்பில் இருந்தது. ‘போய்ட்டு வா’ என்ற வார்த்தைக்காகக் காத்திருப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. போன வருஷம் கமலநாதனும் இதே இடத்தில்தான் நின்றார். உலகப்பனுக்கு வெட்கமாக இருந்தது.

“என்ன தம்பி, தராசு வேலை முடிஞ்சுதா? பழ லாரி வந்து நிக்குது,” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் காசிவிஸ்வநாதன்.

“முடிஞ்சுதுண்ணே.”

“எடை சரியா காட்டுச்சா? நேத்துதான் ஆள் வந்து பரிசோதிச்சிட்டுப் போனான்.”

உலகப்பன் சாக்பீஸை மகேஸ்வரனின் கையில் திருப்பி வைத்தார். பிறகு, பட்டறை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

“எங்க சரியா காட்டுது? பத்து கிலோ குறைச்சுல்ல காட்டுது உங்க தராசு!”