இழுப்பறையில் மூன்று நோட்டுகள்

ஆசிரியர் அறையின் ஒற்றை ஜன்னல் வழியாக வரும் மதிய வெயில் அவள் மேசையில் பாதியோடு நின்றுவிடுகிறது. வேலையில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. நேற்றுக் கடையில் ஒரு மணி நேரம் நின்று, ஏழெட்டைப் புரட்டிப் பார்த்து வாங்கிய பாடக்குறிப்பு நோட்டு, நீல அட்டையோடு எதிரே விரிந்து கிடக்கிறது. நாவை லேசாகக் கடித்துக்கொண்டு ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறாள். பாடத்துக்கு ஒரு நிறம், வீட்டுப்பாடத்துக்கு ஒரு நிறம், புரியாமல் விழிக்கும் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பச்சைக் கட்டம். நாற்பது வாரத்துக்கும் தேதி போட்டாயிற்று. நோட்டை உள்ளே வைக்க இழுப்பறையை இழுக்கிறாள். அது சிக்கி, உலுக்கிய பிறகே வருகிறது. உள்ளே ஏற்கெனவே மூன்று நோட்டுகள் இருக்கின்றன, மூன்றுக்கும் அதே நீல அட்டை. கையெழுத்துதான் வேறு வேறு. கட்டங்களும் நிறங்களும் அப்படியே இருக்கின்றன. ஒன்று ஐந்தாம் வாரத்தில் நிற்கிறது, இன்னொன்று ஏழில். மூன்றாவதில் 'நாளை முதல்' என்று எழுதியதோடு சரி, பிறகு வெறும் தாள். பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்தும் கணக்கு டீச்சர் நிமிராமலே சொல்கிறார். "உங்களுக்கு முன்னாடி அங்க உக்காந்தவங்களோடதும்மா. தூக்கிப் போட மனசு வரல." "ஏன் மேடம், எல்லாரும் பாதியில விட்டுட்டாங்க?" "பாதியா? பாதி வரைக்கும் யாரு இருந்தா?" சிவப்புப் பேனா அடுத்த தாளுக்குப் போகிறது. மணி அடிக்கிறது, வராந்தா முழுக்க இரைச்சல் ஓடுகிறது. அவள் நோட்டின் முதல் பக்கத்தில் பெயர் எழுதும் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து, அழுத்தாமல் எழுதுகிறாள்.