நாலாம் நம்பர் படம்

கிளாட்வின் மடிக்கணினியில் நாலாம் நம்பர் படத்தைப் போட்டதும் ராஹிலா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு டீக்கடையின் பின்கட்டு. கேமராப் பைத்தியம் பிடித்த ஒன்பது பேர். மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் படத்தை இன்னொருவர் பிரித்து மேய்வார்கள்.

கூட்டத்துக்கு விதி உண்டு. படத்தில் பெயர் இருக்காது, நம்பர்தான். குறை சொன்னால் சரிசெய்ய வழியும் சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி. கொடியில் ஒரு சட்டை. அதற்குப் பின்னால் தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கீற்றாகக் கொஞ்சம் கடல். அவ்வளவுதான் படம்.

எல்லாரும் துபாய்க் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

அஸ்கர் துபாயிலிருந்து இணையத்தில் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவன். யாரும் அவனை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவன் கண்ணென்றால் எல்லாருக்கும் பயம். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் பிடித்துவிடுவான்.

ராஹிலாவுக்கு அவன் புருஷன்.

அந்த இடத்தில் அது அல்போன்சாவுக்கு மட்டும்தான் தெரியும். மில்லர்புரத்தில் பக்கத்து வீட்டுக்காரி. தயங்கியவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தவள். ராஹிலா வந்திருப்பது அஸ்கருக்குத் தெரியாது.

மில்லர்புரம் வீடு இரண்டு வருடத்துக்கு முன், அஸ்கர் துபாய் போன பிறகு பிடித்தது. மகள் மின்ஹாவின் பள்ளிக்கூடம் பக்கம் என்பதற்காக. அந்த மாடியை அவன் பார்த்ததே இல்லை. வீடியோவில் பேசும்போது மகள் முகம்தான் திரை முழுக்க இருக்கும்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், செவ்வாய்க்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நீ என்ன சொல்லுதே என்று போன வாரம் கேட்டான்.

உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

வாரத்துக்கு ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கேட்டில் வந்து நிற்கிறவனைப் பற்றி அவள் சொன்னதில்லை. வீட்ல அண்ணன் இல்லையா என்று அவன் கேட்கிற விதத்தை எப்படிச் சொல்வது? சொன்னால் அங்கே இருக்கிறவனுக்குத் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் கையெழுத்து விழும்.

அஸ்கர் விட்டுப்போன கேமராவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

படத்தில் அஸ்கருக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான், அவனுடைய சட்டை. அந்தக் கண்ணுக்கு அது போதும் என்று நினைத்தாள்.

அஸ்கர் ஆரம்பித்தான். புகைபோக்கி இடப்பக்கம் லேசாகச் சாய்கிறது. எடுத்தவர் வலது காலில் பாரம் போட்டு நின்றிருப்பார். நேரம் நல்ல நேரம், காலை ஏழு, ஏழேகால் இருக்கும். தொட்டி மேல் விளிம்பை வெட்டுகிறது, கொஞ்சம் குனிந்திருக்கலாம்.

வலது காலில்தான் நின்றாள். அதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டான்.

"அந்தச் சட்டதான் படத்தைக் கெடுக்கு," என்றான் அஸ்கர். "வெளிச்சம் ஏறிப்போய் வெளுத்துக் கெடக்கு பாருங்க. கட்டம் போட்ட சட்டன்னே தெரியல. அதை எடுத்துப் போட்டுட்டு எடுத்தா கடல் முழுசாக் கிடைக்கும்."

ராஹிலா தரையைப் பார்த்தாள்.

ஹென்றி ஆமாம் என்றார். சலவைக் கடைக்கு விளம்பரம் எடுத்த மாதிரி இருக்கு என்று தங்கப்பாண்டி சொல்ல, ஒரு சிரிப்பு கிளம்பியது. 'சட்டை வேண்டாம்' என்று கிளாட்வின் தாளில் குறித்துக்கொண்டார்.

அல்போன்சா சிரிக்கவில்லை. அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. எட்டு மாதம் கடல், நாலு மாதம் வீடு.

"சட்ட இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள். "ஆம்பள இல்லாத வீடுன்னு தெருவுல போறவனுக்குத் தெரியக் கூடாதுல்லா. எங்க வீட்டுல அவுக கப்பல் ஏறுன அன்னைக்கே கொடியில ஒரு சட்ட ஏறிரும்."

ஹென்றி டீ டம்ளரைக் கீழே வைத்தார். தங்கப்பாண்டி கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எடுத்தவர் இனிப் பேசலாம் என்றார் கிளாட்வின். எந்தக் குறையை ஏற்கிறார், எதை ஏற்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதுவும் விதி.

மடிக்கணினியின் கேமரா அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. ராஹிலா முகம் துபாய்க்குத் தெரியாது. குரல் போகும். எழாமலே இருந்துவிட்டால் நாலாம் படம் யாருடையது என்று தெரியாமலே போகும்.

எழுந்தாள்.

"சாஞ்சது என் தப்பு. தொட்டியும் என் தப்புதான்," என்றாள். "வெளிச்சம் தப்பில்ல. சட்டதான் வெளுத்துப்போச்சு. ரெண்டு வருசமா வெயிலுலயும் மழையிலயும் அங்கனதான் கெடக்கு."



ஒன்றும் விளங்காமல் கிளாட்வின் அடுத்த படத்துக்குப் போனார். விடியற்காலை உப்பளம், பாத்தித் தண்ணீரில் வானம். நல்ல படம். அஸ்கர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

குரல் வந்தது. அது குறை சொல்கிற குரலாக இல்லை.

"அஞ்சு கெடக்கட்டும் அண்ணாச்சி. நாலை இன்னொரு தடவ போடுங்க."