மரக்கூண்டு

பையை நாற்காலிக்கு அடியில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

கத்திரிக்காய். ஒவ்வொன்றாகப் பொறுக்கியது.

நேற்றுவரை பூட்டிக் கிடந்த கன்னியர் மடம். இன்றிலிருந்து கலை அரங்கம். ஜெபம் நடந்த இடத்தில் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டு வருடம் இங்கே காய்கறி போட்டவர். உள்ளே வருவது இன்றுதான். அந்தக் கன்னியர் வெளியாளுக்கு முகம் காட்டமாட்டார்கள். வாசல் சுவரில் ஒரு மரக்கூண்டு. காயை வைத்துச் சுழற்றினால் உள்ளே போகும். பிறகு ஒரு குரல் வரும்.

"முத்தல்."

தினமும் ஒன்றாவது திரும்பி வந்துவிடும். கண்ணை மூடி ஜெபிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ!

சந்தையில் எவனிடமும் தோற்காதவர். அந்தக் குரலிடம் ஒருநாளும் ஜெயித்ததில்லை. ஒருநாளும் ஒப்புக்கொண்டதுமில்லை.

மனைவி பிரசவத்தில் தவறினாள். அந்த வாரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அது அழுத அழுகையில் கூண்டு சுழன்றது.

ஒரு செம்புப் பால்.

அதன்பின் ஒரு வருடம், தினமும் பால்.

காயில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் குரலுக்கு நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். மடத்தை மூடியபோது முதியோர் இல்லத்துக்குப் போன கன்னியர்களை இன்று அழைத்திருந்தார்கள்; கச்சேரி முடிந்ததும் வேன் திருப்பிக் கூட்டிப்போய்விடும்.

"மூஞ்சியே பாத்ததில்ல. எப்படிப்பா கண்டுபிடிப்ப?" என்றாள் பக்கத்திலிருந்த மகள்.

முன்வரிசையில் அவர்களுக்கு ஐந்து நாற்காலி. நான்கு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பையைத் திறந்து காட்டினார்.

நால்வருமே நல்ல காய் என்றார்கள்.

இவர்கள் இல்லை.

ஐந்தாவது நாற்காலியில் ஒரு கைப்பை மட்டும் இருந்தது.

மகளை இழுத்துக்கொண்டு வெளிவாசலுக்கு ஓடினார். கூண்டின்மேல் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. பையை வைத்துச் சுழற்றினார்.

கூண்டு திரும்பி வந்தது. ஒரே ஒரு காய்.

"முத்தல்."

கொஞ்சம் பொறுத்து, "பாப்பா எப்படி இருக்கா?"



பக்கத்தில் உள்ளறைக் கதவு. எந்நாளும் தாழ் போட்டே இருப்பது, இன்று திறந்து கிடந்தது. மகளை அதன் வழியே அனுப்பினார்.

அவர் போகவில்லை. வெளியே, தன் இடத்தில் நின்றார்.



கூண்டிலிருந்த காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்தல்தான், சிஸ்டர்" என்றார், சுவரைப் பார்த்து.