ஆண் மீன் ஒன்று வேண்டும்

"எங்க வீட்டுப் பெண் மீனுக்கு ஜோடியா, வெள்ளையில சிவப்புத் திட்டு போட்ட நல்ல ஆண் கோய் மீன் ஒண்ணு வேணும். குஞ்சு எடுக்கணும்" என்றபடி, கணவரோடு மீன் பண்ணைக்கு வந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

பண்ணைக்காரர் ஒரு மீனைப் பிடித்துப் பக்கத்து நீலத் தொட்டியில் விட்டு, "பாருங்கம்மா" என்றார். அந்த அம்மா குனியக்கூட இல்லை. கணவரைத்தான் குடைந்தெடுத்தார்.

"வெள்ளை எப்படி?"

"பால் மாதிரி இருக்கு."

"சிவப்போட ஓரம்?"

"கத்தரிச்சு ஒட்டின மாதிரி சுத்தமா இருக்கு."

"உடம்பு?"

மனுஷன் தொட்டியைச் சுற்றி வந்தார். "தோள் நல்ல அகலம்."

அரை மணி நேரமாக, ஒவ்வொரு மீனுக்கும் இதே கதை. பண்ணைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சாரை ஏம்மா இந்தப் பாடு படுத்தறீங்க? நீங்களே எழுந்து வந்து பாத்துடலாமே?"

"பாக்க ஆசைதான். ரெண்டு வருஷமா கண்ணு தெரியலீங்க" என்றார் அந்த அம்மா சிரித்தபடி. "முன்னாடி நான்தான் மீன் எடுப்பேன். இவர் கார்லயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்."

பண்ணைக்காரர் வலையை எடுத்துக்கொண்டு, "இதையே பிடிச்சுத் தரட்டுமாம்மா?" என்றார்.

"சரி, இதையே எடுத்துக்கலாம்" என்றார் அந்த அம்மா.

"வேண்டாம்" என்றார் கணவர். "திரும்பும்போது முதுகு லேசா கோணுது. குஞ்சுக்கும் வந்துடும். அந்த மூலையில ஒண்ணு இருக்கு, அதைப் பிடிக்கச் சொல்லலாம்."

பண்ணைக்காரரே அப்போதுதான் அந்தக் கோணலைக் கவனித்தார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "என் பேச்சையே வெட்டற அளவுக்குத் தேறிட்டீங்களா! அப்ப இந்த வருஷம் நம்ம குளத்துல குஞ்சு நிச்சயம்" என்று கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.